பெண் வீட்டுத் தண்ணீர்

கரையிலிருந்து அந்தக் கப்பலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர் சாமான் கணக்கில் சேராது. பயணிகள் கணக்கில்தான் சேரும். பால்மாவு டின் சாமான். அதில் யாருக்கும் வில்லங்கம் இல்லை. தண்ணீர் பாட்டில் என்றால் மட்டும் ஏணியடியில் நிறுத்தி, எந்தக் கல்யாண வாசலிலும் கேட்கிற கேள்வியைக் கேட்பார்கள்.

"இவங்க யார் பக்கம்? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

பூங்கோதை இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக நின்றாள். பதில் சொன்னது அவள் புருஷன் தனுஷ்கோடி. நல்ல மனுஷன்தான், ஆனால் கேள்வி காதில் விழுவதற்கு முன்னால் பதில் வாயில் வந்துவிடும். பாட்டில் பெட்டியைத் தூக்கி வந்து தோள்பட்டை கழன்ற கடுப்பில், "பொண்ணு வீடு" என்று சொல்லிவிட்டான். அவன் அக்கா வேலம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினாள். சுமையாக வருவதெல்லாம் பெண் வீட்டிலிருந்து வருவது என்பது அவளுக்கு ஊறிப்போன கணக்கு.

அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு மேல்தட்டில் கடல் தெரிகிற அறை. பெண் வீட்டாருக்கு இன்ஜினுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. அறைகளைக் கவனித்துக்கொள்கிற ரொசாரியோ, தூத்துக்குடிக்காரர், பாட்டில்களைக் கட்டிலில் வரிசையாகச் சாய்த்து உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாடு கப்பலில் இரண்டு பந்தி. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. வேலம்மாள் பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். இரண்டாம் பந்தியில் பெண் வீட்டுப் பாட்டில்கள் உட்கார்ந்தபோது அப்பளம் தீர்ந்துவிட்டிருந்தது. "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல வாசலில் ஒரு ஆள் கிடையாது. கோதை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தன் வீட்டு ஆட்களைத் தானே வாங்க என்று கூப்பிட்டால் அது வரவேற்பு ஆகாது. அவள் கல்யாணத்திலும் இப்படித்தான். அவளுடைய அப்பா இரண்டாம் பந்தியில், ஆறிப்போன சோற்றைத் தலைநிமிராமல் தின்றுவிட்டு எழுந்தார்.

சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் இமயன் பசித்து எழுந்தான். ஏழு மாதப் பிள்ளை. கோதைக்குப் போன மாதம் வந்த காய்ச்சலில் பால் வற்றிவிட்டதால் அவனுக்கு டின் பால்தான். அவள் மாவை அளந்து புட்டியில் போட்டாள். தனுஷ்கோடி கீழே போய் ஒரு பாட்டிலைக் கையோடு கூட்டிவந்து மூடியைத் திருகினான். திறக்கவில்லை. துண்டைச் சுற்றித் திருகினான். பல்லால் கடித்தான். கதவிடுக்கில் கொடுத்து நெம்பினான். மூடி அசைந்து கொடுக்கவில்லை. கப்பல் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலுக்குள் தண்ணீர் மட்டும் அவனுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க" என்றார் ரொசாரியோ.

கப்பல் குழாயில் தண்ணீர் இருக்கிறதே என்று கோதை அதைப் பிடித்துக் காய்ச்சி ஊற்றினாள். மாவு அதன்மேல் அப்படியே உலர்ந்து மிதந்தது. கப்பல் தண்ணீர் வேலைக்கு வந்திருக்கிற தண்ணீர். வேலை நேரத்தில் பயணிகளோடு கலந்து பழகக் கூடாது என்பது அங்கே உத்தரவு. குலுக்கிப் பார்த்தாள். மாவு ஒதுங்கி நின்றது. பிள்ளை வீறிட்டது.

"என்ன செய்யணும் அண்ணாச்சி?" என்று கோதை கேட்டாள்.

"மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவங்க போய்க் கூப்பிடணும். தட்டோட."

வேலம்மாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு அக்கா நான். நான் போய்ப் பொண்ணு வீட்டுக்காரவுக முன்னால நிக்கணுமோ? எங்க வம்சத்துல எவளும் நின்னதில்ல. வேணும்னா அவுக ஏறி வரட்டும்."

"மைனி, பிள்ளை பசிச்சுக் கெடக்கான்."

"எம் மருமவன் பசி தாங்குவான். எங்க ரத்தம்."

தனுஷ்கோடி அக்காளையும் பார்த்தான், பொண்டாட்டியையும் பார்த்தான், கடைசியில் கடலைப் பார்த்தான். கோதைக்கு அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தாள். முதலில் கத்தினான், அப்புறம் சிணுங்கினான், சிணுங்கலும் மெலிந்து, பூனை முனகுகிற மாதிரி ஆனது. வெறும் புட்டியின் ரப்பரைக் கொடுத்தாள். கொஞ்சம் சப்பிவிட்டுத் துப்பினான். உதடு காய்ந்துகொண்டு வந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இமயன் அழுது முடித்து ஓய்ந்துவிட்டான், பாலைத்தான் காணோம்.

அவன் ஓய்ந்ததும் அறையில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. கோதை வேலம்மாள் எதிரில் போய் நின்றாள்.

"இங்க பாருங்க மைனி. இவன் வாயைத் திறக்க மாட்டேங்கான்."

வேலம்மாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். கட்டிலை விட்டு இறங்கினாள். ரொசாரியோ தயாராக வைத்திருந்த தட்டில் வெற்றிலை பாக்கும் சந்தனமும் இருந்தன. மாராப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, படி படியாக இன்ஜின் பக்கம் இறங்கிப் போனாள். கோதையும் பின்னாலேயே போனாள்.

பாட்டில்கள் எல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. வேலம்மாள் தட்டை நீட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றாள்.

"வாங்க" என்றாள். அவள் சொல்லி யாரும் கேட்டிராத குரல் அது. "பந்தியில தப்பு நடந்துபோச்சு. இப்ப மட்டுமில்ல, கல்யாணத்துலயுந்தான். எல்லாம் நான் சொல்லி நடந்தது. மனசுல வச்சுக்கிடாதீய. பிள்ளைய வந்து பாருங்க."

சாய்ந்திருந்த தண்ணீர் மெல்லச் சமநிலைக்கு வந்தது. மூத்தவர் போல நடுவில் இருந்த பெரிய பாட்டிலின் மூடி தானாகச் சுழன்று கட்டிலில் விழுந்தது. தாய்மாமன் முறைக்கு முதல் உரிமை. கோதை அந்தப் பாட்டிலை எடுத்துப்போய்க் கெட்டிலில் ஊற்றினாள். தங்கச்சி பிள்ளைக்காக அவர் ஒரு சத்தமும் போடாமல் கொதித்து, ஆறினார். மாவு நொடியில் கரைந்தது.

இமயன் ரப்பரை முதலில் பிடிக்கவில்லை. ஒரு சொட்டை உதட்டில் தடவினாள். நாக்கு வந்தது. அப்புறம் மூச்சுவிடாமல் குடித்தான். கோதை இப்போதுதான் அழுதாள். வேலம்மாள் புட்டியின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்லக் குடில, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை ஏப்பம் விட்டதும் ரொசாரியோ வந்து கதவருகே நின்றார்.

"பொண்ணையும் பிள்ளையையும் நாலு நாள் ஊருக்கு அனுப்பச் சொல்றாங்க."

கூப்பிட்டு வந்தவர்கள் கேட்கும்போது மறுப்பது முறையில்லை. "கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள் வேலம்மாள். கப்பலை நிறுத்தி ஏணியை இறக்கினார்கள். மீதிப் பாட்டில்களை ரொசாரியோ ஒவ்வொன்றாகக் கடலில் ஊற்றினார். அவர்கள் போன வழியில் அலை அடங்கி, ஈரத் தரை மாதிரி ஒரு பாதை கிடந்தது. கோதை பால்மாவு டின்னைப் பையில் போட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு அதில் இறங்கி நடந்தாள்.

"நான் எப்ப வரட்டும்?" என்று தனுஷ்கோடி கேட்டான்.

ரொசாரியோ கடல் பக்கம் காதைக் கொடுத்தார். "கூப்பிட ஆள் வருமாம்."

தனுஷ்கோடி உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, ஏணியடியில் நின்றான்.