எதிரொலிக்காத மண்டபம்

சனத்நகரில் தமிழர்கள் சேர்ந்து கட்டிய மண்டபம் அது. சுவரெல்லாம் கண்ணாடி, தரையெல்லாம் கிரானைட். எதிரொலியை அடக்கச் சுவரில் பஞ்சுப் பலகை பதிக்க வேண்டுமா என்று செயலாளர் ராஜாராமன் கேட்டார். ஒலி நிபுணரான சௌம்யா கருவியோடு சோதிக்க வந்தது எப்போது தெரியுமா? திறப்பு விழாவன்று! நிற்க இடமில்லாத கூட்டம். உடம்பும் துணியும் ஓசையை உறிஞ்சிவிடும் என்று படித்தவள்தான். ஆனால் காலி மண்டபத்தில் சோதிக்க இன்னொரு நாள் வரச் சோம்பல். "பலகையே வேண்டாம் மாமா, பிரமாதமா இருக்கு" என்றாள். அதற்குக் கைதட்டல் வேறு. பெரிய மேதாவிதான், போங்கள்!

பிறகு நடந்ததெல்லாம் கல்யாணம், கச்சேரி. கூட்டத்துக்குக் குறைவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

போன மாதம் ராஜாராமனின் மனைவி ரமணி திடீரென்று போய்விட்டாள். அஞ்சலிக் கூட்டம் அதே மண்டபத்தில். வேலை நாள், போதாக்குறைக்கு மழை. வந்த இருபது முப்பது பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மனைவியைப் பற்றி நாலு வார்த்தை எல்லோரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை.

மைக்கில் வாயைத் திறந்தார். ஒரு சொல் கண்ணாடியில் முட்டித் திரும்புவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழுந்தது. ஒரே இரைச்சல்.

"ஒண்ணும் புரியலையே!" என்றது பின்வரிசை.

"ஹவ், ஆமா, எனக்கும்தான்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அவர் மைக்கைத் தாழ்த்தி, முன்வரிசையிலிருந்த சௌம்யாவைப் பார்த்தார். "அழுது அழுது குரல் கெட்டுப்போச்சும்மா. மண்டபத்துல ஒரு குறையும் இல்லைன்னு நீதான் சோதிச்சுச் சொல்லியிருக்கியே. எனக்குத்தான் பேச வரலை."

சௌம்யாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மைக் செட்காரர்மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் பாருங்கள், அது அதைவிட வெட்கக்கேடு. எழுந்தாள்.

"உங்க குரல் இல்லை மாமா, தப்பு என்னோடது. கூட்டம் நிறைஞ்சிருந்தப்போ சோதிச்சேன். காலியா இருந்தா இப்படித்தான் ஆகும். எல்லாரும் தயவுசெஞ்சு கிட்ட வாங்க."

மைக்கை அணைத்துவிட்டு நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டாள். ராஜாராமன் நாலு திட்டு திட்டியிருக்கலாம். அவளுக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. சுற்றி உட்கார்ந்தவர்களிடம் மெல்லப் பேச ஆரம்பித்தார்.

"திறப்பு விழாவுக்கு வீடு வீடா போன் பண்ணி, இந்த மண்டபத்தை நிரப்பினவ என் ரமணிதான்."

அது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. சௌம்யா தலை நிமிரவில்லை.