அடித்துக்கொண்டிருக்கிறான்

இளையவளை அவள் புருஷன் அடிப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. தண்ணீர் சுட்டால் ஓர் அறை, ஆறியிருந்தால் இன்னோர் அறை. அடுத்த அறையில் இருந்த மூத்தவள், அவனுக்கு அண்ணி, தட்டிக்கேட்கப் போனால் அவளுடைய புருஷனே குறுக்கே நிற்பான்.

"அது அவங்க விஷயம். நீ உன் வேலையைப் பாரு."

பிழைக்க வந்த பிரெஞ்சு ஊரில் மூத்தவளுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக் கொடுத்துக் கை காய்த்திருந்தது. மேற்பார்வைக்காரி பிரெஞ்சில் ஏசுவதற்கெல்லாம் தலையாட்டியே காலம் தள்ளியவள், ஒருநாள் ரோஷம் வந்து, ஓரகத்தியையும் இழுத்துக்கொண்டு போய் மொழி வகுப்பில் சேர்ந்தாள்.

பிரெஞ்சில் 'சாப்பிடுகிறேன்' என்றால் தினமும் சாப்பிடுவதாகவும் இருக்கலாம், இப்போது சாப்பிடுவதாகவும் இருக்கலாம். இந்த நிமிஷமே நடப்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் 'ஆன் த்ரேன் து' சேர்க்க வேண்டும் என்றார் வாத்தியாரம்மா.

"சாப்பிடறதுக்கு எதுக்குக்கா ட்ரெய்ன் ஏறணும்?" என்று காதைக் கடித்தாள் இளையவள். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கும்போது இளையவளின் சட்டைக்கை நழுவியது. முழங்கைக்கு மேலே விரல் பதிந்த கன்றல். மூத்தவளின் சிரிப்பு அத்தோடு நின்றது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூத்தவள் புருஷன் வெளியே போயிருந்தான். தபால்காரர் பொட்டலம் கொண்டுவந்தார். இளையவள் வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் போனார்.

"என்னடி சொன்னே அவன்கிட்ட?" என்று பின்னாலேயே வந்து நின்றான் அவள் புருஷன்.

"நன்றின்னு சொன்னேங்க."

"நன்றிக்கு அவன் ஏன் இளிக்கிறான்?"

முடியைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டான். அலமாரியில் தலை மோதும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. "அக்கா!" என்ற அலறல் பாதியில் அறுந்தது.

மூத்தவள் கதவை இடித்துப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டாள்.

"இல் ஃப்ராப் மா ஸேர்!" என் தங்கச்சியை அடிக்கிறான்.

எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்: எவ்வளவு காலமாக? குடிப்பானா? ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுக்கிறீர்களா?

வழக்கமாக அடிப்பதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவி!   மூத்தவள் வீடே அதிரக் கத்தினாள்.

"இல் ஏ ஆன் த்ரேன் து லா ஃப்ராப்பே! ஆன் த்ரேன்! ஆன் த்ரேன்!" இந்த நிமிஷமே அடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. விலாசம் கேட்டாள். வண்டி கிளம்பிவிட்டது என்றாள்.

ஆனால் அறைக்குள் சத்தம் நின்றுபோயிருந்தது. அடியைவிட அந்த அமைதிதான் மூத்தவளைப் பதறவைத்தது. பாத்திரத் தொட்டிக்கடியில் கிடந்த சுத்தியலை எடுத்துப் பூட்டை நொறுக்கினாள். உள்ளே அவன் இளையவள் மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அவள் கண்கள் மேலே செருகியிருந்தன.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிவது கேட்டது. அவன் திரும்பி, "அண்ணியாச்சேன்னு பார்க்கிறேன்!" என்று நல்ல கையால் அவள் வாயில் குத்தினான். உடைந்த பல்லை ரத்தத்தோடு துப்பிவிட்டு, மறுபடி ஓங்கி முழங்காலில் இறக்கினாள். அவன் சுருண்டு விழுந்தான். போலீஸ் வந்து கையைப் பிடிக்கும்வரை சுத்தியலை அவள் கீழே போடவில்லை.

"என் தம்பியை நொண்டியாக்கிட்டியே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே புருஷன் கத்தினான்.   அன்றோடு அந்த வீட்டுக்கு மூத்தவள் திரும்பவில்லை.

விசாரணையில், உயிரைக் காக்க அடித்தது என்று மூத்தவளை விட்டுவிட்டார்கள். இளையவளின் புருஷன் சிறைக்குப் போனான். இப்போது ஓரகத்திகள் இருவரும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக் குடியிருக்கிறார்கள். இளையவளின் குரல் கரகரத்ததுதான், பழையபடி தெளியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு மூத்தவள்தான் எழுந்துபோய்த் திறக்கிறாள்.