கல்யாணம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

ஜூலை 17, வியாழன். இன்றைய தவறு: பாஸ்போர்ட்டைப் பத்து வருடத்துக்கு எடுத்ததாக நினைத்திருந்தேன். ஐந்து வருடத்துக்குத்தான் எடுத்திருக்கிறேன். போன மாதமே காலாவதி. தோழி எல்ஸ்காவின் கல்யாணம் நாளை.

தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும், அதில் ஒரு தவறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மாலை நேர எழுத்து வகுப்பில் கொடுத்த பயிற்சி. டினேகா முதலில் ‘சிறிய தவறு’ என்றுதான் எழுதினாள். சிறியதுதானா என்று சந்தேகம் வந்ததும் ‘சிறிய’வை அடித்துவிட்டாள். கல்யாணத்தில் வாசிக்க வேண்டிய அக்கார்டியனைத் துடைத்தாயிற்று, உடையைத் தேய்த்தாயிற்று, பரிசுக்குக் காகிதம் சுற்றியாயிற்று. பாஸ்போர்ட்டைத்தான் கடைசியாகத் திறந்து பார்த்தாள்.

எல்ஸ்காவின் வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். டினேகா வீட்டு ராஸ்பெரித் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு சாலை, அதையொட்டி ஒரு வாய்க்கால், அப்புறம் இன்னொரு சாலை, அதற்கப்பால் எல்ஸ்கா வீட்டு மாட்டுக் கொட்டகை. இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்கா. சின்ன வயதில் இருவரும் அந்த வாய்க்காலைத் தாண்டிக் குதித்துத்தான் விளையாடினார்கள். கம்பங்களில் கேமரா வந்த பிறகு சோதனைச்சாவடி வழியாகக் காரில் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பதினெட்டு வயதில் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று, இனி உலகமே தனக்குத்தான் என்று டினேகா கூடத்தில் ஆடினாள். அதை வைத்து அவள் பார்த்த உலகம் எல்ஸ்காவின் வீடு மட்டும்தான். இப்போது அதற்கும் போக முடியாது.

வேறு வழியில்லாமல் போன் செய்தாள்.

“எல்ஸ்கா, திட்டாம கேளு.”

“என்ன, அக்கார்டியனைப் போட்டு உடைச்சிட்டியா?”

“பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சுடி.”



“மேஜை விரிப்புக்குக்கூட என்னைப் பட்டியல் போட வெச்சவ நீ. உன் பாஸ்போர்ட்டை நீ பாக்கலியா?”

“உங்க சித்தப்பாவை கீபோர்டு வாசிக்கச் சொல்லேன்.”

“அவர் வாசிச்சா மாடு பால் குடுக்காது. நானும் மாப்பிள்ளையும் ஆடற முதல் ஆட்டம் உன் வாசிப்புக்குத்தான்னு அப்பவே சொல்லிட்டேன். இல்லைன்னா நான் ஆடவே போறதில்ல.”

“நான்தான் வர முடியாதேடி.”

“யாரு உன்னை வரச் சொன்னா? நாளைக்கு நாலு மணிக்கு உங்க பக்கத்து வாய்க்காலோரம் வந்து உக்காரு.”

மறுநாள் அண்ணன் வீபே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். “உன் கல்யாணத்துக்காவது நல்லாப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையும் அஞ்சு வருஷத்துக்குத்தான்னு இருக்கப் போகுது.”

“நாற்காலியை வெச்சிட்டுப் போண்ணா.”

நாலு மணிக்குக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு கல்யாணக் கூட்டம் வந்தது. எல்ஸ்கா வெள்ளை உடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள், மறு கையில் கேக் தட்டு. டினேகா அக்கார்டியன் வாரைத் தோளில் மாட்டும்போதே அந்தப் பக்கத்து எல்லை ரோந்து வண்டி வந்து நின்றது.

“என்ன கூட்டம்?” என்று அதிகாரி இறங்கினார்.

“கல்யாணம் சார். ஆடறவங்க இந்தப் பக்கம், வாசிக்கறவ அந்தப் பக்கம்,” என்றாள் எல்ஸ்கா.

“அந்தப் பொண்ணு ஏன் இங்க வரல?”

“பாஸ்போர்ட்டைத் திறந்து பாக்க மறந்துட்டா.”

அதிகாரி டினேகாவை மேலும் கீழும் பார்த்தார். “யாரும் தாண்டக் கூடாது. எதையும் கைமாத்தக் கூடாது.”

“ஒரே ஒரு துண்டு கேக், சார்?”

“கேக்கும் கூடாது.”

“பாட்டு?”

அவர் தொப்பியைக் கழற்றி யோசித்தார். “பாட்டைப் பத்தி எனக்கு எதுவும் சொல்லித் தரல.”

சொல்லிவிட்டுத் தன் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். பின்னால் வந்த பால் லாரியும் நின்றது.

டினேகா முதல் அடியைத் தப்பாக வாசித்தாள். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். எல்ஸ்காவும் மாப்பிள்ளையும் தார்ச்சாலையில் சுற்றிச் சுற்றி ஆட, வெள்ளை உடையின் ஓரமெல்லாம் புழுதி. லாரிக்காரர் தாளத்துக்கு ஹாரன் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் எல்ஸ்கா வாய்க்கால் விளிம்புக்கு வந்து, டினேகாவைப் பார்த்தபடியே ஒரு துண்டு கேக்கை நிதானமாகத் தின்றாள்.

“உன் பங்கையும் நானே சாப்பிடறேன். நல்லா பாத்துக்கோ.”

“வயிறு வலிக்கும்டி உனக்கு.”

“இன்னொண்ணு வாசிம்மா, லாரி நிக்கட்டும்,” என்றார் அதிகாரி.

அன்று இரவு டினேகா எழுதினாள்:

ஜூலை 18, வெள்ளி. இன்றைய தவறு: முதல் அடி. நாளை: காலையில் மருந்துக்கடையில் இருக்கும் புகைப்பட மூலைக்குப் போய்ப் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. விண்ணப்பத்தில் பத்து வருடம் என்று குறிக்க வேண்டும்.