ஒன்பதாவது கேள்வி

பதினொரு மணிக்குச் சட்டசபையில் மணி அடித்தபோது நர்ஸம்மா வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"ஃபைல் எங்கம்மா?" என்றார் பக்கத்து இருக்கை வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷமாகியும் வீட்டுப்பாடம் கேட்கும் குரல் போகவில்லை.

"ரூம்லயே இருக்கு. ஒன்பதாவது கேள்விக்கு ஃபைல் எதுக்குண்ணே? அஞ்சைத் தாண்டி என்னைக்காவது போயிருக்கா?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினார்.

நர்ஸம்மா சொன்னது பொய்யில்லை. கேள்வி நேரம் என்பது ஒரே ஒரு மணி நேரம். குலுக்கலில் விழுந்த வரிசைப்படி சபாநாயகர் ஒவ்வொருவராக அழைப்பார். அமைச்சர் பதில் சொல்வார். அதன்மேல் துணைக்கேள்வி, அதன்மேல் கூச்சல். பன்னிரண்டு அடித்ததும் கடை கட்டிவிடுவார்கள். மிச்சக் கேள்விகளுக்கு அச்சடித்த பதில் வந்து சேரும். நர்ஸம்மாவிடம் அப்படி ஆறு பதில்கள் சேர்ந்திருந்தன. ஆறிலும் ஒரே வரி: 'பரிசீலனையில் உள்ளது.'

அவருடைய தொகுதியில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டி நாலு வருஷம். ரிப்பன் வெட்டியாச்சு, கல்வெட்டும் வைத்தாச்சு. டாக்டரும் நர்ஸும் மட்டும் போடவில்லை. வலி கண்ட பெண்கள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு போனார்கள். தேர்தலில் நிற்கும் முன் இருபது வருஷம் நர்ஸாக அந்தச் சாலையில் அவர்களோடு ஜீப்பில் போனவர் நர்ஸம்மா. எந்தத் திருப்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தது என்று கேட்டால் சொல்வார். எந்தத் திருப்பத்தில் எந்தத் தாய் போனாள் என்பதைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

நாளை இந்தச் சபை கலைகிறது. இன்று கேட்காத கேள்வி செத்த கேள்வி.

முதல் இரண்டு கேள்விகளும் இருபத்தைந்து நிமிஷத்தைத் தின்றன.

"மூன்றாவது கேள்வி" என்றார் சபாநாயகர். உறுப்பினர் இல்லை. ஆள் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவதுதான் விதி.

"நான்காவது."

அந்த இருக்கையும் காலி. நர்ஸம்மா நிமிர்ந்தார். நாலாம் நம்பர்க்காரரைச் சபைக்குள் வரும்போதுதான் பார்த்தார். கல்லுக்குண்டு மாதிரி நின்றுகொண்டிருந்தாரே!

ஐந்தாம் கேள்விக்காரர் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார் அப்படி! சாலையோரப் புளியமரங்களைப் பற்றி ஆரம்பித்து, ஆதாம் ஏவாள் வரைக்கும் போய்த் திரும்பினார். கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்திரண்டு. நர்ஸம்மாவுக்கு முதல் முறையாக அறையில் கிடக்கும் ஃபைல் ஞாபகம் வந்தது.

அடுத்த கேள்வி வாத்தியாருடையது. அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்கண்ணே? அடுத்தது உங்களோடது!"

"வயித்த என்னமோ பண்ணுது தாயி." பத்து வயசுப் பையன் மாதிரி விடுவிடுவென்று வெளியே போனார்.

ஆறாம் இருக்கை காலி. ஏழும் காலி. ஏழாம் நம்பர்க்காரி ஆளுங்கட்சி! இது அதிர்ஷ்டமில்லை. யாரோ வழிவிடுகிறார்கள்.

"எட்டாவது கேள்வி."

எட்டு என்றால் மலை. எதிர் வரிசையில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவதால் அப்படிப் பெயர். நர்ஸம்மா வாயைத் திறந்தாலே, "என்னம்மா, ஊசி போடப்போறியா?" என்று சபையைச் சிரிக்க வைப்பவர். மூன்று வாரம் முன்பு தாழ்வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸில் அவர் கையை விடாமல் பிடித்தபடி போனது நர்ஸம்மாதான். அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு அவருடைய கேள்வி, அவருடைய ஊர்த் தண்ணீர்க் குழாய். பார்வையாளர் மாடியில் அவர் ஊர்க்காரர்கள் இருபது பேர், பஸ் பிடித்து வந்து, அவர் எழுந்து நிற்கும் கோலத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

மலை எழவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். அந்தப் பெரிய உடம்பு, கட்டிலுக்கடியில் யானை ஒளிவது போல, மேசைக்கடியில் மெல்ல மெல்ல மறைந்தது.

"உறுப்பினர்?" என்றார் சபாநாயகர்.

மேசையின் இருபுறமும் வேட்டி தெரிந்தது. சபாநாயகர் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உறுப்பினரைக் காணவில்லை. ஒன்பதாவது கேள்வி."

பதினொன்று ஐம்பத்தாறு.

நர்ஸம்மா எழுந்தார். சுகாதார அமைச்சர் பதிலை வாசித்தார்: "பரிசீலனையில் உள்ளது."

"துணைக்கேள்வி உண்டா? சுருக்கமாக" என்றார் சபாநாயகர்.

உண்டு. பதினாலு பக்கத்துக்கு உண்டு. தேதி, எண், சாவுக்கணக்கு எல்லாம் விடுதிக் கட்டிலின்மேல் கிடந்தது. கூட்டிக்கொண்டு போகாத பிள்ளை மாதிரி. நர்ஸம்மா வெறும் மேசையைப் பார்த்தார். ஜீப்பில் வண்டிக்காரரிடம் கேட்பது போலத்தான் வாயில் வந்தது.

"அந்த ஆஸ்பத்திரி ஃபைல் இப்ப யார் மேசையில இருக்குங்க?"

அமைச்சர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். ஒரு துண்டுச் சீட்டு பறந்து வந்தது. கேள்வி நேரத்தில் வரும் சீட்டை அப்படியே வாசிப்பது அவருக்கு இத்தனை வருஷப் பழக்கம். வாசித்தார்.

"தங்கள் மேசையில்தான் ஐயா இருக்கிறது. பதினான்கு மாதமாக."

கூரை கிழிந்தது. கட்சி வித்தியாசமில்லாமல் மேசைகள் அதிர்ந்தன. அமைச்சரின் காது சிவந்தது. ஆனால் நல்ல மனிதர், கூடச் சிரித்துவிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போடறேம்மா. சபையிலயே சொல்றேன், குறிப்புல ஏறட்டும்."

பன்னிரண்டு அடித்தது.

சபையின் கேன்டீனில் மூன்று, நான்கு, ஆறு, ஏழு எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. நர்ஸம்மாவைக் கண்டதும் நாலு பேரும் ஈ விழுந்த மாதிரி டீயை உற்றுப் பார்த்தார்கள்.

"வயித்துவலி எப்படிண்ணே?" என்றார் நர்ஸம்மா. கண் தளும்பிவிட்டது.

"வடை சாப்பிட்டேன், சரியாப் போச்சு" என்றார் வாத்தியார்.

மூச்சு வாங்கிக்கொண்டு மலை வந்து சேர்ந்தார்.

"மேசைக்கடியில என்னண்ணே பண்ணீங்க?"

"ஷூ லேஸ் கட்டுனேன்."

எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். ரப்பர் செருப்பு.

"ஊர்க்காரங்க மாடியில இருந்தாங்களே, அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"திட்டுவாங்க. வாங்கிக்கறேன்." மலை நாற்காலியில் இறங்கினார். குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு ஆஸ்பத்திரி ஏழு நிமிஷத்துல இருந்துச்சு தங்கச்சி. அந்த ஏழு நிமிஷம் உன் கையைப் பிடிச்சுட்டு நான் போனது எனக்குத்தான் தெரியும். நாப்பத்திரெண்டு கிலோமீட்டரை அந்தப் புள்ளைங்க எதைப் பிடிச்சுட்டுப் போவும்?"

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொகுதி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். அங்கே தட்டச்சு செய்யும் பெண் எடுத்தாள். ஏழு மாசக் கர்ப்பிணி.

"உனக்குத் தேதி எப்போ?"

"இன்னும் எட்டு வாரம்க்கா. ஏன்?"

"ஆர்டர் வருது. எட்டு வாரத்துக்குள்ள ஆள் வந்துடும். கட்டடத்தைத் தொறந்து கழுவி விடச் சொல்லு."

மறுமுனையில் விசும்பல். அப்புறம் ஒரு சந்தேகம்.

"அக்கா, சாவி யார்கிட்ட இருக்கு?"

நர்ஸம்மாவுக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக யாருக்கும் அது தேவைப்படவில்லை.

"தேடுங்க. கெடைக்கலேன்னா, பூட்டை உடைச்சுடுங்க" என்றார். "எம்பேரைச் சொல்லி உடைங்க."