இளங்கொடி வாசம்

யசிந்தாவின் வேலை லேசானது. பிறந்த கழுதைக்குட்டியைப் பிடித்து, துவாயால் கண்ணை மூடி வைத்திருக்க வேண்டும். கூட வேலை செய்யும் தனஞ்சயன் அதன் காதில் மஞ்சள் அடையாள வில்லையைக் குத்தியதும் விட்டுவிட வேண்டும். மன்னார்த் தீவின் கட்டாக்காலியாய்த் திரியும் கழுதைகளில் எத்தனை குட்டி பிழைக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. சட்டம் ஒன்றே ஒன்று: கையுறையைக் கழற்றக் கூடாது, குட்டியை உடம்போடு அணைக்கக் கூடாது. மனித வாடை ஏறினால் தாய் ஒதுக்கினாலும் ஒதுக்கிவிடும்.

அந்தச் சட்டத்தைத்தான் அவள் மீறினாள். திட்ட வருகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

போன மாதம் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது, உயிரில்லாமல். "பாக்காதை, பாத்தால் மறக்கமாட்டாய்" என்று சொந்தங்கள் கூடி நின்று மறித்தன. நல்ல புத்திதான் சொன்னார்கள், போங்கள்! பார்க்காத முகத்தை எப்படி மறப்பதாம்? கணவன் றொட்னி வெள்ளைத் துணியில் சுற்றியதைச் சேமக்காலைக்குப் புதைக்கக் கொண்டுபோனான். அழாமலே போன பிள்ளை. ஆனால் அதன் அழுகை அவளுக்குக் கேட்டது. குசினியில் சமைக்கும்போது கேட்டது, பூசைக்கு நடுவில் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. வீட்டில் கிடந்தால் விசர் பிடித்துவிடும் என்று, மார்பில் பால் வற்றாத பச்சை உடம்போடு வேலைக்கு வந்துவிட்டாள்.

எருக்கலம்பிட்டிக்கு அப்பால், உடைமரப் பற்றைக்குள் அன்று காலை ஒரு கழுதை குட்டி போட்டிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. தாய் விலகி நின்று பார்த்துக்கொண்டிருக்க, தனஞ்சயன் வில்லையைக் குத்தினான்.

"சரியக்கா, விடுங்கோ."

குட்டி தலையைத் திருப்பி அவள் மார்பை முட்டியது. அந்த நேரம் பார்த்து, பற்றைக்குள்ளிருந்து அந்த அழுகை. யசிந்தா கையுறையை உருவி எறிந்துவிட்டுக் குட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். பால் சுரந்து சட்டையை நனைத்து, குட்டியின் முகத்திலும் கழுத்திலும் ஊறியது. எவ்வளவு சுகமாக இருந்தது!

"அக்கா! என்ன செய்யிறியள்? விடுங்கோ!"

விட்டபோது பிந்திவிட்டது. தாய் வந்து மோந்தது. காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு ஓர் உதை. குட்டி மணலில் புரண்டது. பிறகு தாய்க்கழுதை பற்றையைச் சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கியது. தன் குட்டியைத் தேடியது. குட்டியோ அதன் பின்னால்தான் தள்ளாடிக்கொண்டு நின்றது.

"பின்னாலயே நிக்கிறது தெரியேல்லையே அதுக்கு..." என்றாள் யசிந்தா.

"இண்டைக்குத் தாயின்ர முதல் பால், அந்தக் கடும்புப்பால் குடிக்காட்டில் குட்டி தப்பாது" என்றான் தனஞ்சயன். அவன் ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குட்டி அவளிடமே திரும்பி வந்தது. மடு மாதாவே, இன்னொன்றையும் சாகக் கொடுப்பதா? அவள் பின்னால் நகர நகர அது தொடர்ந்தது.

"தம்பி, உங்கட உயிலங்குளத்தில மாட்டின்ர இளங்கொடியைச் சாக்கில கட்டி ஆலமரத்தில தூக்குவியளல்லோ?"

"ஓமக்கா, பால் நல்லாய்ச் சுரக்கும் எண்டு. ஏன்?"

"இந்தக் கழுதையின்ர இளங்கொடி எங்க? தேடுங்கோ! அதின்ர வாசம் ஏறினால் தாய் சேர்க்கும்."

குட்டியோடு வெளியே விழுந்த அந்தக் கொடி பற்றையடியில் மணலும் மொய்க்கிற இலையானுமாய்க் கிடந்தது. யசிந்தா கையுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை எடுத்தாள். குட்டியின் நெற்றியிலிருந்து வால்வரை தேய்த்தாள். தன் பால் ஊறிய இடங்களில் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். தன்னை அதிலிருந்து தானே அழிப்பதுபோல் இருந்தது. பிறகு இருவரும் தூரப் போய்க் குந்திக்கொண்டார்கள்.

தாய் வந்தது. மோந்தது. வெகுநேரம் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கியது. குட்டி வயிற்றுக்கடியில் தலையை நுழைத்தது.

"குடிக்குது அக்கா! தப்பிட்டுது!"

யசிந்தா அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளிப்போய் றொட்னிக்குப் போன் எடுத்தாள். இத்தனை நாளும் கேட்கப் பயந்ததை ஒரே மூச்சில் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர முகம் எப்பிடி இருந்தது? நீங்கள்தானே கொண்டு போனனீங்கள். மறைக்காமச் சொல்லுங்கோ."



"நானும் பாக்கேல்லை, யசிந்தா. துணியை விலக்க எனக்குத் துணிவு வரேல்லை."

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். பற்றைக்குள் அழுகை மறுபடி எழுந்தது, சன்னமாய், விட்டுவிட்டு. தனஞ்சயன் அந்த அழுகை காதில் விழாதவனாய், வில்லை குத்திய குறட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்க்கழுதை தலையை உயர்த்தி, அழுகை வந்த பக்கம் காதைத் திருப்பியது.