மாஸ்க்கைக் கழட்டுங்க டாக்டர்

எங்கள் செட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பேசி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ராஜபாளையத்துக்கு வெளியே ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் இரண்டு வரிசை. அவை ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தால் போதும், நாலு தறி தள்ளி நிற்பவள் பதில் சொல்வாள். மாமியார் வம்பு, புருஷன் சண்டை, டிவி நாடகம் எல்லாம் இப்படித்தான் ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. செட்டில் இருக்கிற பதினான்கு பெண்களுக்கும் இது தண்ணீர் பட்ட பாடு.

அதில் கருத்தம்மாக்கா மகாராணி. இருபது வருஷத்துக்கு மேல் தறியில் நிற்கிறவள். முதலாளி பால்ச்சாமி தன் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்து போனில் பேசுவதை இங்கே நின்றபடியே எங்களுக்கு ஒப்பிப்பாள். "போனஸ் கேட்டா ஏவாரம் டல்லுன்னு சொல்லப் போறாராம்ட்டி" என்று அவள் உதடு சொல்லும். மறுநாள் அவர் வந்து அதையே சொல்வார். நாங்கள் பாவுநூலைப் பார்ப்பதுபோலக் குனிந்து சிரிப்போம்.

சென்ற வருஷம் ஒருநாள் காது சோதிக்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி கேட்டதாம். முதலாளியே எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த ஆள் அவர். ஒவ்வொருவராக எதிரே நிற்கவைத்து, சற்றுத் தள்ளி நின்று, "மாம்பழம், சைக்கிள், திருவிழா" என்று கிசுகிசுப்பார். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினான்கு பேரும் பாஸ். கருத்தம்மாக்கா அவர் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள். "உங்களுக்குப் பாம்புக் காதும்மா" என்று அந்த மனுஷன் வாயைப் பிளந்தார். அவர் உதட்டைத்தான் நாங்கள் படித்தோம் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. சொல்லப்போனால் எங்களில் பாதிப் பேருக்கே உறைக்கவில்லை. கேட்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

எனக்கு உறைத்தது ஊருக்கு ரோடு பிரிகிற வன்னியம்பட்டி விலக்கில். ஒரு சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தோம். கருத்தம்மாக்கா முன்னால் போனாள். கரும்பு லாரி ஒன்று தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் பாட்டுக்கு நடு ரோட்டில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நான் ஓடிப்போய்ச் சேலையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். ரெண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். லாரிக்காரன் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

"ஹாரன் அடிக்காம வருதான் பாரு, களவாணிப் பய" என்றாள் அக்கா, முழங்கையைத் தடவிக்கொண்டு.

"யக்கா, அவன் அம்புட்டு நேரமா அடிச்சான். உனக்குக் கேக்கலையா?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "கொஞ்ச நாளா இப்படித்தாம்ட்டி இருக்கு. மக போன் பண்ணினாலும் ம், ம்னு சொல்லி வச்சிருதேன். வெளிய சொல்லிராத சிவரஞ்சனி. செவிடுன்னு தெரிஞ்சா அந்தாளு வேலையை விட்டு நிப்பாட்டிருவாரு. பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் நர்சிங் படிப்பு கிடக்கு. வீட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சு வீட்டுல கிடக்காரு. என் ஒருத்தி சம்பளந்தான்."

சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நான் கூட இருந்தேன், இழுத்தேன். நாளைக்கு?

தை முடிந்த சமயம் அரசாங்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பெயர் அனுசியா. தறிகளை நிறுத்தச் சொல்லி, துணி மூட்டை அடுக்கியிருந்த குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இருமல். மூக்குவரை மாஸ்க்.

முதலில் மாரியாத்தாள் போனாள். டாக்டர் ஏதோ கிசுகிசுத்தார். மாரியாத்தாள் பேந்தப் பேந்த விழித்தாள். மறுபடி கிசுகிசுத்தார். மறுபடி விழித்தாள். அடுத்து ரெண்டு பேர் போனார்கள், அதே கதை. மாரியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சொல்லுங்க. நல்லாக் கேக்கும்" என்றாள்.

"மாஸ்க்குக்கும் காதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார் டாக்டர். கேட்டவர் அப்படியே நிறுத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவருடைய முகத்தில் மூடியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரிக்கவில்லை. கண்கள் கலங்கினமாதிரி இருந்தன. "நல்லவேளை எனக்கு இருமல் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மாஸ்க்கைக் கழட்டவில்லை.

கருத்தம்மாக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அடுத்த ஆள் நான் என்பதால் டாக்டருக்குப் பின்னால் மூட்டையில் சாய்ந்து நின்றேன். அங்கே நின்றால் டாக்டர் சொல்வது எனக்கு லேசாகக் கேட்டது. அக்காவின் கண் டாக்டரைத் தாண்டி என் முகத்துக்கு வந்தது. கெஞ்சியது.

"கத்தரிக்காய்" என்று கிசுகிசுத்தார் டாக்டர். நான் உதட்டை அசைத்தேன். "கத்திரிக்கா" என்றாள் அக்கா.

"மழைக்காலம்." அசைத்தேன். "மழைக்காலம்" என்றாள். முகத்தில் களை வந்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டே பக்கத்தில் நின்ற மாரியாத்தாளிடம் சொன்னார்: "போன காது திரும்பாதும்மா. ஆனா இப்பவாவது பார்த்தா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். விட்டா அதுவும் போயிரும்."

அடுத்த சொல்லை டாக்டர் கிசுகிசுத்தார். எனக்குக் கேட்டது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அக்கா காத்திருந்தாள். சொல்லுட்டி என்று புருவத்தைத் தூக்கினாள். நான் அசையவில்லை. டாக்டர் இன்னொரு தரம் சொன்னார், இன்னொரு தரம். அக்காவின் முகத்தில் களை வடிந்து, பயம் வந்து, அதற்குப் பின்னால் கோபம் வந்தது. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். லாரிக்கு முன்னாலிருந்து இழுத்ததைவிட இது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

பதினான்கு பேரில் ஒருத்தியும் தேறவில்லை. எனக்கும் ஒரு காதில் ஆரம்பித்திருக்கிறதாம். இருப்பதிலேயே மோசம் கருத்தம்மாக்காதான். இது வேலையால் வந்தது என்று எழுதி, எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து மிஷினில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

தறியில் கோபித்துக்கொள்வது ரொம்பச் சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், எதிராளி என்ன சொன்னாலும் போய்ச் சேராது. கருத்தம்மாக்கா அன்று மதியமே எனக்கு முதுகைக் காட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி கண்ணாடி ரூமுக்குள் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நான் நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாய் என் கண்ணில் பட்டது. "வேற ஒண்ணும் செய்ய வேணாம்யா. அந்தக் கருத்தம்மாளை மட்டும் இந்த வாரத்தோட நிப்பாட்டிருவோம். இளசா ஒரு பிள்ளையைப் போட்டுட்டா ரிப்போர்ட் அம்புட்டு மோசமா இருக்காது."

அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே படித்துவிட்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி கட்டைபோல நின்றாள். என்னால்தான் இந்த வினை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

முதலில் நின்றது மாரியாத்தாளின் தறி. சென்ற மாதம்தான் ஃபேனுக்கு அடியில் நிற்கிற இடத்துக்காக அக்காவோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவள் அவள். அடுத்து என் தறி. அப்புறம் ஒன்று, இன்னொன்று என்று வரிசையாக எல்லாம் நின்றன. வேலை நேரத்தில் அந்தச் செட் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. என் காதுக்குள் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் விடாமல் கேட்டது.

முதலாளி வேகமாக வெளியே வந்தார். "என்ன, கரண்ட் போச்சா?"

"கருத்தம்மாளை எதுக்கு நிப்பாட்டுதீக?" என்று கேட்டாள் மாரியாத்தாள்.

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "யாரு சொன்னா? அந்த ரூமுக்குள்ள பேசினது இங்க எப்படிக் கேட்டுச்சு?"

"யாருக்கும் கேக்கலை மொதலாளி. பாத்தோம்."

அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்து என்னென்ன பேசினோம் என்று மனதுக்குள் ஓட்டியிருப்பார் போல. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கருத்தம்மாக்கா தறியைவிட்டு முன்னால் வந்தாள். "நான் செவிடுதான் மொதலாளி. இங்க வரும்போது நல்லாத்தான் இருந்தேன். உங்க தறிச் சத்தத்துலதான் போச்சு. ஆனா என் துணியில ஒரு இழை அறுந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நெய்யுறதுக்குக் காது எதுக்கு?" தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. தகரம் அதிர்ந்தது.

"எல்லாருந்தான் பெயிலு. நிப்பாட்டினா எல்லாரையும் நிப்பாட்டுங்க" என்றேன் நான்.

முதலாளி அன்றைக்கு ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மறுநாள் கண்ணாடி ரூமுக்குத் திரை போட்டார். ஆனால் அக்காவை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வந்தார். போகிற போக்கில் முதலாளியையும் நாற்காலியில் உட்காரவைத்தார். முப்பது வருஷம் இந்தச் சத்தத்துக்குள் கிடந்த மனுஷன். அவரும் பெயில். அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பங்குனிக்குள் காதை மூடுகிற மஃப் எல்லோருக்கும் வந்துவிட்டது. சத்தம் குறையத் தறிக்காலுக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். அவரும் ஒரு மஃப்பை மாட்டிக்கொண்டுதான் செட்டுக்குள் வருகிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் கருத்தம்மாக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. எல்லோர் முன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டேன் இல்லையா, அது அவளுக்கு ஆறவில்லை. தறியில் முதுகு, சாப்பாட்டு நேரத்தில் முதுகு. நான் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பை மாரியாத்தாள் வழியாகத் திருப்பி அனுப்பினாள். ரெண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை வன்னியம்பட்டி விலக்கில் நான் பஸ் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னாலேயே அக்கா ஏறினாள். கொண்டையைக் காதுவரை இறக்கிப் போட்டிருந்தாள். என்ன புதுக் கோலம் என்று நினைத்தேன். என் பக்கத்தில் சீட் காலியாக இருந்தது. கையைக் காட்டினேன். கண்டுகொள்ளாமல் எனக்கு நேர் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"எருமை. எம்புட்டுத் திமிரு பாரு இதுக்கு" என்று அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தேன்.

அவள் விருட்டென்று திரும்பினாள். "ஏட்டி, எவளை எருமைன்னு சொல்லுத?"

அவளுடைய காதோரம் மயிருக்கு அடியில் மெலிசாகக் காது மிஷின் ஒயர் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன.

"உன்னைத்தான்க்கா! வேற யாரை!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏன்ட்டி இந்தக் கத்துக் கத்துத?" என்றாள் கருத்தம்மாக்கா. "மெள்ளச் சொல்லு. கேக்குது."