புள்ளியை நகர்த்தியவள்

1

வலது மணிக்கட்டு வலியில் தொடங்குகிறேன். அவளுக்கு அது கட்டைவிரலடியில் கிளம்பி முழங்கை வரை இழுக்கும். அவளுடைய அண்ணி கல்குவாரியில் சம்மட்டி பிடிக்கிறவள். அண்ணிக்கு வலித்தால் நியாயம். இவள் பிடிப்பது மவுஸ். அதனால் வலியை வெளியே சொல்ல இவளுக்குக் கூச்சம்.

கதை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பி, கைப்பேசி காட்டிய வழியை நம்பி, அதே பெயருள்ள இன்னோர் ஊரில் போய் இறங்கினேன். சரியான ஊரைப் பிடித்தபோது அடக்கம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்த கோபத்தில் கம்ப்யூட்டரைத் திட்டி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

'இயந்திரத்துக்கு ஊர் தெரியாது, மண்ணின் வாசனையை அது எங்கே———'

நிறுத்திவிட்டேன். கல் உடைக்கிற இடத்தில் மண் வாசனை ஏது? மூக்கெல்லாம் தூசி. அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எழுத வந்தால் எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது என்று நீங்களும் பாருங்கள்.

2

அவள் வேலை பார்ப்பது அவசர உதவி அலுவலகத்தில். மக்கள் அனுப்பும் செய்திகளில் எது ஊர்ப் பெயர் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால், பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்து, இதுதான் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும். உறுதியென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள். மஞ்சளை ஆள் படித்துப் பார்க்க வேண்டும். பச்சைக்கு 'சரி' என்று ஒரு தட்டு. புள்ளி இருக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் போகும்.

கம்ப்யூட்டர் இதைப் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வரவில்லை. பழைய செய்திகளைப் படித்து, இது இந்த ஊர், அது அந்த ஊர் என்று குறித்துக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் பிறந்த குவாரி ஊருக்கும் மேம்பாலங்கள் உள்ள ஒரு டவுனுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் நீங்களும் டவுனைத்தான் நினைப்பீர்கள்.

முதலில் 'கல்', 'வெடி', 'கிரஷர்' என்று வந்த செய்திகளை அவள் குவாரிக்கே குறித்தாள். எல்லாம் பச்சையாக வந்தால் போதும் என்கிற மேற்பார்வையாளர், அதனாலேயே 'பச்சை சார்', அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா, அந்தப் பேர் வந்தாலே குவாரிக்குத் தூக்கிட்டுப் போற? சொந்த ஊரா?”

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். “கல்லு தூக்குன பழக்கம் சார், விடுமா?”

“இல்ல சார். எங்க ஊரு டவுன்தான்.”

அன்றிலிருந்து அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் டவுன். கல் இருந்தாலும் டவுன், வெடி இருந்தாலும் டவுன். அப்படிக் குறிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கம்ப்யூட்டரோ சொன்னதைக் கேட்கிற பிள்ளை, அப்படியே கற்றுக்கொண்டது.

3

“கல்லு சரிஞ்சு ஆள் அடியில மாட்டிக்கிச்சு, சீக்கிரம் வாங்க.” கூடவே ஊர்ப் பெயர். டவுன்மேல் பச்சைப் புள்ளி. அவள் தட்டினாள்.

[இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பிறந்த ஊரின் பெயர் கண்ணில் படாமலா போகும்? அவளுக்குக் காய்ச்சல் கொடுத்துப் பார்த்தேன், வீட்டில் ஒரு சண்டை மூட்டிப் பார்த்தேன். எல்லாம் சாக்கு. பச்சையைக் கண்டால் கண் எழுத்துக்குப் போகாது. அந்த அறையில் எல்லோருக்கும் அப்படித்தான். காய்ச்சலை எடுத்துவிட்டேன்.]

ஆம்புலன்ஸ் டவுனில் மேம்பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அங்கே சரிவதற்குக் கல்லே இல்லை. அடுத்த செய்தி வந்தது: “எங்கய்யா வண்டி? இன்னும் உசுரு இருக்கு.” இதை அவள் படித்தாள். புள்ளியைப் பிடித்துக் குவாரிமேல் இழுத்துவிட்டாள். அந்தத் திரையில் கடைசியாக வைத்த புள்ளிதான் நிற்கும். முந்தையது இருந்த சுவடே தெரியாது.

கல்லுக்கடியில் கிடந்தது அவளுடைய அண்ணன். உயிர் தப்பியது, வலது கால் போயிற்று. முன்னாடியே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

விசாரணையில் ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. புள்ளியும் சரியாக இருந்தது. அப்படியென்றால் தப்பு டிரைவர்மேல்.

“சார், டவுனுக்குத்தான் காட்டுச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

“இந்தாங்க, நீங்களே பாருங்க,” என்று பச்சை சார் திரையைத் திருப்பினார். “குவாரின்னுதானே இருக்கு?”

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கம்மா.”

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். டிரைவருக்கு வேலை போயிற்று.

4

முடிவு ஒன்று: அவள் பச்சை சாரிடம் உண்மையைச் சொல்கிறாள், அவர் டிரைவரைக் கூப்பிட்டு வேலையைத் திருப்பிக் கொடுக்கிறார். எழுதிப் பார்த்தேன். அப்படியோர் அலுவலகத்தை நான் கண்டதில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: அண்ணி தானாகவே கண்டுபிடித்து, இவள் கன்னத்தில் ஓர் அறை———

அண்ணிக்குக் கண்டுபிடிக்க நேரம் ஏது? புருஷன் பங்குக் கல்லையும் சேர்த்து இப்போது அவள்தான் உடைக்கிறாள்.

மூன்றாவதை யோசிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் இருந்தபடியே அண்ணன் குரல் கொடுத்தான்.

“வா பாப்பா. வர்ற வழியில என் காலைப் பார்த்தியா? டவுனைச் சுத்திப் பார்க்கப் போச்சு, இன்னும் திரும்பல.”

“எல்லாத்துலயும் உங்களுக்கு விளையாட்டு,” என்றாள் அண்ணி. “அந்த டிரைவர் மட்டும் என் கையில கிடைக்கட்டும். கண்ணை எங்க வச்சிருந்தான்? நாசமாப் போக.”

“போயிட்டான்டி. வேலையைப் புடுங்கிட்டாங்க. பொண்ணு படிப்பையே நிறுத்திட்டானாம்.”

“நல்லா வேணும்,” என்றாள் அண்ணி. அதே வேகத்தில் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு இவள் அருகில் உட்கார்ந்தாள். “கையைக் கொடு. நாள் பூரா தட்டித் தட்டி எப்படி வீங்கிக் கெடக்கு பாரு. சொல்லவும் மாட்டேங்குற.”

காய்ப்பு ஏறிய விரல்கள் மணிக்கட்டைச் சுற்றி அழுத்தின. அதே கை. பச்சையைத் தட்டிய கை, புள்ளியை நகர்த்திய கை.

“அண்ணி...”

“வலிக்குதா? மெதுவாத் தேய்க்கட்டா?”

5

அடுத்த சொல்லை அவள் வாயில் வைப்பது எனக்கு ஒரு தட்டு வேலை. வைக்க மாட்டேன். நீங்கள் வைப்பதானால் வையுங்கள். ஆனால் படித்துவிட்டு வையுங்கள். 'வண்டியை டவுனுக்கு அனுப்பினது நான்தான்' என்ற ஒரு வாக்குமூலம், அந்த டிரைவருக்கு அவள் இன்னும் பாக்கி.